சாமிக்கிடாவுக்கு ஒரு குடம் தண்ணீர்

ஆட்டின் காதுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அது என்ன செய்யும் என்று கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலையை உதறும். தலையை உதறினால் கழுத்தும் சேர்ந்து உதறும். அப்படியே வால் நுனி வரைக்கும் ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுத்தான் நிற்கும். ஆடு வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. இந்த அற்ப விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாட்டின் உயிருக்கும் ஒரு பெண்ணின் நம்பிக்கைக்கும் நடுவில் நான் ஒரு முறை திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன். உங்களிடம் சொல்வதற்கு என்னிடம் இருக்கிற கதைகளில் அதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.

ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால் அவரவர் செய்த அறுவை சிகிச்சைகளைத்தான் அளப்பார்கள். எனக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் என் காலத்து மருந்துகளில் பாதி இன்றைக்குக் கிடையாது, மீதியைப் பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஊசி மருந்தை விட்டுவிடுவோம்.

எண்பதுகளின் தொடக்கம். சாத்தான்குளத்துக்கும் கடலுக்கும் நடுவே, செம்மணல் தேரியை ஒட்டிய ஒரு கிராமத்தில் எனக்கு வேலை. அடுத்தடுத்து இரண்டு ஐப்பசி ஏமாற்றிவிட்டன. கார்த்திகையாவது கைகொடுக்கும் என்று வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கிணறுகளில் குடத்தை இறக்கினால் பாதி மணலோடுதான் மேலே வந்தது. தென்னைகள் மட்டைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. தோட்டம் வைத்திருந்தவர்களே ஆறுமுகநேரி உப்பளத்துக்குக் கூலிக்குப் போனார்கள். மழை இல்லாத வருஷம் உப்பளத்துக்குக் கொண்டாட்டம் அல்லவா, அங்கே மட்டும் வேலைக்குப் பஞ்சமில்லை.

மருந்தகத்துக்கு வந்தவர்கள் யாரும் நோய் பற்றிக் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "சார், இது பொழைக்குமா? இல்ல வித்திரட்டுமா?" வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை மாட்டுத் தரகர் லாரியோடு வந்து நிற்பார். அந்த லாரியில் ஏறுகிற மாடு எங்கே போகிறது என்று ஏற்றிவிடுகிறவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பதில் சொல்ல வேண்டும். என் வாயிலிருந்து "பொழைக்காது" என்று ஒரு சொல் வந்தால் போதும், மாடு லாரியில் ஏறிவிடும். "பொழைக்கும்" என்று சொல்லி, அது கட்டுத்தறியிலேயே செத்துப் போனால், விற்றிருந்தால் வந்திருக்கக்கூடிய சொற்பமும் போச்சு. பட்டம் வாங்கும்போது இந்தப் பாடத்தை யாரும் எனக்கு நடத்தவில்லை. உங்களுக்கும் நடத்தியிருக்க மாட்டார்கள்.

அப்படிக் கேட்டு வந்தவர்களில் ஒருவர்தான் தங்கவேல் அண்ணாச்சி. தூத்துக்குடி ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார். இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு ஊருக்கு வெளியே இருந்த சின்னத் தோட்டம்தான் அவருக்கு எல்லாம். கொஞ்சம் முருங்கை, கொஞ்சம் தென்னை, ஒரு கிணறு, ஒரு ஜோடி உழவு மாடு, மயிலை என்று ஒரு பசு. நான் போன நேரத்தில் உழவு மாடுகளை விற்றுத் தின்றாகிவிட்டது. மயிலை மட்டும் நின்றது, அதுவும் சினையாக.

மயிலையைப் பார்த்தேன். விலா எலும்புகளைத் தள்ளி நின்றே எண்ணலாம். எழுந்து நிற்பதற்கே இரண்டு முறை யோசித்தது. அதற்குப் பக்கத்தில், உடை மரத்து நிழலில், ஒரு கருங்கிடா கட்டியிருந்தது. எண்ணெய் தேய்த்துவிட்ட மாதிரி மினுமினுவென்று உடம்பு, கழுத்தில் மஞ்சள் துணி. ஊரே வாடிக் கிடக்கிறபோது கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"இது யார் வீட்டு விருந்தாளி அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "சாமிக்கிடா சார். எம் பொண்டாட்டி நேர்ந்து விட்டுருக்கா. இந்தத் தடவ கோயில் கொடைத் திருவிழாவுக்கு வெட்ட வேண்டியது. தண்ணி இல்லன்னு ஊர்ல கொடையவே தள்ளி வச்சிட்டாவ. விக்கவும் முடியாது, வெட்டவும் முடியாது. வீட்டுக் கஞ்சித்தண்ணி, புண்ணாக்கு, மிச்சமிருக்க முருங்க எல எல்லாம் இதுக்குத்தான் போகுது. மாடு வாயப் பாத்துக்கிட்டு நிக்கி."

"எதுக்காக நேர்ந்தது?"

"எவனுக்குத் தெரியும்? வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காதுன்னு வாயத் தொறக்க மாட்டா. மக கல்யாணத்துக்கா இருக்கும்."

அவர் மனைவி முத்துக்கனி அக்கா கிணற்றடியில் நின்றார். எங்கள் பேச்சு காதில் விழுந்திருக்கும். குடத்தில் இருந்ததை ஒரு சட்டியில் ஊற்றிக் கிடாவின் முன்னால் வைத்தார். அது குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றார். பிறகுதான் மிச்சத்தை மாட்டிடம் கொண்டுபோனார். அவருக்கு மாட்டின் மேல் பிரியம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மயிலையின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "பொறுத்துக்கோ தாயி" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

கிடா தின்கிற பங்கு ஒன்றும் மலையளவு இல்லை. நல்ல காலத்தில் அதை யாரும் கண்டுகொள்ளக்கூட மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு அந்தப் பங்குதான் மாடு நிற்பதற்கும் படுப்பதற்கும் நடுவில் இருந்தது. "பொழைக்குமா?" என்று அண்ணாச்சி கேட்டார். "கொடுத்தால் பிழைக்கும்" என்றேன். எங்கிருந்து கொடுப்பது என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் மருந்தகத்துக்கு வந்தார். கோமரத்தாடியைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார். கோமரத்தாடி என்றால் சுடலைமாடன் கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர். சாமி வராத நாட்களில் அவர் சைக்கிள் கடை வைத்திருந்தார், கை நிறைய கிரீஸோடு. கொடைக்கு முன்னாலேயே கிடாவை வெட்ட வழி உண்டா என்று அவரிடம் அண்ணாச்சி கேட்டிருக்கிறார். சாமியிடமே கேட்டுவிடலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலையில் கோயில் முன்னால் கிடாவை நிறுத்தி, அதன் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். உடம்பு முழுக்கச் சிலிர்த்து உதறினால் சாமிக்குச் சம்மதம், அன்றைக்கே வெட்டிவிடலாம். உதறாவிட்டால் கொடை வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

"நல்லது அண்ணாச்சி. கேட்டுப் பாருங்கள்" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "உதறாதுல்லா சார். இந்த வெயில்ல தண்ணி பட்டா அது சொகமா நின்னு நக்கும். காதுல ஒரு சொட்டு விழுந்தாத்தான் உதறும். நீங்கதான் ஊத்தணும்."

"நானா?"

"நீங்க ஆட்டு டாக்டரு. ஒங்க கைதான் பதம் பாத்து ஊத்தும். எவனும் சந்தேகப்பட மாட்டான். அதுபோவ, நீங்க வேதக்காரக. சாமி ஒங்கள ஒண்ணும் செய்யாது."

நான் நாசரேத்துக்காரன், கிறிஸ்தவன். என் மேல் சுடலைமாடனுக்கு அதிகாரம் கிடையாது என்பது அவருடைய கணக்கு. சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழம தரகன் வாரான் சார்" என்று மட்டும் சொன்னார். அதோடு என் சிரிப்பும் நின்றது.

இந்த இடத்தில் என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர். யாருக்கும் நஷ்டமில்லை. கிடா எப்படியும் வெட்டப்படப் போகிற கிடா. ஒரு சினை மாடு பிழைக்கும், அந்தக் குடும்பத்துக்கு நாளைக்கு ஒரு கன்றும் பாலும் மிஞ்சும். ஊற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். கையைக்கூட மனசுக்குள் சாய்த்துப் பார்த்துவிட்டேன்.

அப்போது முத்துக்கனி அக்கா சட்டியைக் கிடாவின் முன்னால் வைத்துவிட்டுக் காவல் நின்றது நினைவுக்கு வந்தது. அந்த அம்மாள் தன் மாட்டை என்னை நம்பித்தான் விடுகிறார். நான் கொடுக்கிற பொடி என்ன என்று கேட்டதில்லை, போடுகிற ஊசி எதற்கு என்று கேட்டதில்லை. சாமியிடம் அவர் கேட்கிற கேள்விக்கு நடுவில் நான் புகுந்து பதிலைத் திருத்திவிட்டு, நாளைக்கு எந்த முகத்தோடு அந்தத் தொழுவத்துக்குப் போவேன்? அவருக்குத் தெரியவே தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியுமே.

"என்னால் முடியாது அண்ணாச்சி. குடம் உங்கள் கையில் இருக்கட்டும்" என்றேன்.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி சார், நானே ஊத்திக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கே பார்த்து ஊற்றுவார் என்பது எனக்குத் தெரியும். அக்காவிடம் போய்ச் சொல்வதா என்று இரண்டு நாளும் மனசு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ளது என்று தோன்றியது. இன்றைக்கும் அது சரி என்றுதான் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் நானும் போனேன். வெட்டவெளியில் வெள்ளையடித்த பீடம், பக்கத்தில் ஒரு உடை மரம். ஊர்க்காரர்கள் ஓரளவு கூடியிருந்தார்கள். அவர்கள் கண் கிடாவின் மேல் இல்லை, அண்ணாச்சி தோளில் சுமந்து வந்த குடத்தின் மேல்தான் இருந்தது. ஒரு குடம் நல்ல தண்ணீரை மண்ணில் ஊற்றப் போகிறார்கள் என்றால் அந்த வருஷத்தில் அது சாதாரணக் காரியமா?

கிடா நடுவில் வந்து நின்றது. அண்ணாச்சி குடத்தோடு அதன் தலைப்பக்கம் போனார். நான் எதிர்பார்த்த இடம்தான். காதுக்கு நேர் மேலே.

கோமரத்தாடி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நேர்ந்தவ வாயால சொல்லணும். யாருக்கு நேர்ந்த, எதுக்கு நேர்ந்தன்னு சாமி முன்னால சொல்லு. பொறவு தண்ணி ஊத்தலாம்."

முத்துக்கனி அக்கா தயங்கினார். "சொல்லலாமா?"

"சாமிகிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லுவ? சொல்லு தாயி."

அவர் பீடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. "இவுக ஹார்பர்ல நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்துட்டாவன்னு ஆளு வந்து சொன்னப்ப, தூத்துக்குடிக்குப் போவ பஸ்ஸு இல்ல. ரோட்டுல நின்னுக்கிட்டே நேர்ந்தேன். இவுக எந்திரிச்சி, தன் காலால நடந்து வீட்டுக்கு வந்தா ஒனக்கு ஒரு கருங்கிடான்னு சொன்னேன். வந்துட்டாவ."

பிறகு இன்னும் சின்னக் குரலில் சொன்னார். "கிடா எளச்சா இவுகளும் எளச்சிருவாவளோன்னு பயம். அதான் மாட்டு வாயில இருந்து புடுங்கி இதுக்குப் போட்டேன். மாடு பாவம். எனக்குத் தெரியும். ஆனா பயமா இருந்துச்சு."

நான் அண்ணாச்சியின் கையைப் பார்த்தேன். குடம் சாய்ந்துதான் இருந்தது, தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது.

அப்புறம் குடத்தை நிமிர்த்தினார். கிடாவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, குடத்தின் வாயை அதன் வாயருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். கிடாவுக்கு என்ன தெரியும்? சளப் சளப்பென்று குடித்தது.

"என்னவே இது!" என்றார் கோமரத்தாடி. "ஊத்தச் சொன்னா குடிக்கக் குடுக்கீரு?"

"குடிக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. "எனக்குப் பதிலா நிக்கிற ஆடுல்லா."

முத்துக்கனி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் கண்ணீரால் மாடு பிழைக்காது. அதுவும் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் ஊற்றவில்லை, அதனால் சாமி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கோமரத்தாடி தலையைச் சொறிந்தார். சாமியும் அவர் மேல் வருகிற வழியாக இல்லை. கடைசியில் சைக்கிள் கடைக்காரராகவே பேசினார்.

"ஏலே, எல்லாரும் கேளுங்க. கொடையத் தள்ளி வச்சது யாரு? முத்துக்கனியா? ஊருதான வச்சுது? அப்பம் கொடை வரைக்கும் சாமிக்கிடாவ ஊருதான் பாக்கணும். ஒரு வீடு மட்டும் எதுக்குச் சாவணும்? வீட்டுக்கு ஒரு நாளு. முறை வச்சிக் கட்டுங்க."

முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. சாமிக்கிடா நேர்ந்திருந்த வீடுகள் சிலதான், நேராத வீடுகள் நிறைய, அதனால் ஒரு வீட்டுக்கு முறை எப்போதாவதுதான் வரும். கோமரத்தாடி வீட்டிலும் ஒரு சாமிக்கிடா நின்றது, அதையும் மனதில் வைத்துத்தான் தீர்ப்புச் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதனால் என்ன? தீர்ப்பு நல்ல தீர்ப்பு.

வெள்ளிக்கிழமை தரகர் வந்தார். அண்ணாச்சி அவரை என்னிடம் கைகாட்டிவிட்டார். முற்றின சினையில் இருக்கிற மாட்டை லாரியில் ஏற்ற முடியாது என்று சொன்னேன். மருத்துவராக நான் அதைத்தான் சொல்ல வேண்டும், சொல்வதற்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது. தரகர் என்னைத் திட்டிக்கொண்டே போனார்.

கஞ்சித்தண்ணீரும் கொஞ்சம் புண்ணாக்கும் திரும்பக் கிடைத்ததாலேயே மயிலை பிழைத்தது என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். நடந்தது வேறு. அந்த வீட்டில் இரண்டு பேரும் மறுபடியும் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி தேரியில் அலைந்து, உடை மரத்து உடங்காய்களை மாட்டுக்குப் பொறுக்கிக்கொண்டு வந்தார். அக்கா வாழைத்தண்டு எங்கே கிடைக்கும் என்று ஊர் ஊராக விசாரித்தார். கிடாவை அழைத்துப் போக வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டு, ஒரு கைப்பிடி ஓலையோ தழையோ மாட்டுக்கும் கொண்டுவந்து போட்டார்கள். மாடு நிற்பதற்கும் படுப்பதற்கும் நடுவில் ஒரு கைப்பிடிதான் தேவைப்பட்டது, அது கிடைத்தது.

கிடாவுக்குத்தான் தலைக்கனம் ஏறிவிட்டது. எந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு, முறை இல்லாத நாளிலும் போய் நின்றது. எங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் முறை வந்தது. "நம்ம வேதக்கார வீடாச்சே" என்று என் மனைவியிடம் இழுத்தேன். "அதுக்கு வயிறு இருக்கா இல்லியா?" என்று அவள் கேட்டாள். அன்றைக்கு இட்லி மாவில் பங்கு அதற்குப் போனது.

கொடை நடந்தபோது நான் அந்த ஊரில் இல்லை, அதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. கிடா என்ன ஆனது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மழையை நான் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

மயிலை கன்று போட்டிருந்தது. நோஞ்சான் கன்றுதான், ஆனாலும் காலை ஊன்றி நின்று மடியைத் தேடியது. அதைப் பார்ப்பதற்காகத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அன்றைக்குக் கிடாவின் முறையும் அவர்கள் வீட்டில்தான். உடை மரத்தடியில் கட்டியிருந்தது. கிழக்கே கடல் பக்கம் கருத்தது, காற்று நின்றது. அப்புறம் படபடவென்று பெரிய பெரிய சொட்டாகக் கொட்ட ஆரம்பித்தது. செம்மண்ணிலிருந்து புழுதி கிளம்பியது. முத்துக்கனி அக்கா முற்றத்துக்கு ஓடிவந்து முகத்தை மேலே காட்டிக்கொண்டு நின்றார்.

கிடாவும் நனைந்தது. கொஞ்ச நேரம் திகைத்து நின்றது. பிறகு கொம்பிலிருந்து வால் வரைக்கும் உடம்பு முழுவதும் சிலிர்த்து, ஓர் உலுக்கு உலுக்கியது பாருங்கள், சுவரெல்லாம் தெறித்தது.

அண்ணாச்சி தொழுவத்திலிருந்து பாய்ந்து ஓடினார். பாரம் தூக்கக் கூடாது, ஓடக் கூடாது என்று டாக்டர்கள் சொன்ன மனிதர். தோளில் கிடந்த துண்டைக் கிடாவின் மேல் போட்டு, இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். துண்டுக்குள்ளேயே அது மறுபடியும் உதறியது.

"ஏளா, நீ பாக்காத!" என்று மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினார். "இது மழைக்கு உதறுது! சாமிக்கு இல்ல! கணக்குல சேராது!"

அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். அண்ணாச்சி கிடாவை விடாமல் என் பக்கம் திரும்பினார். "சார், ஆட்டு டாக்டரு நீங்க சொல்லுங்க. மழைக்கு உதறுனா சேருமா?"

பொழைக்குமா, விற்கலாமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்த இரண்டு வருஷமும் யோசித்து யோசித்து, தயங்கித் தயங்கித்தான் பதில் சொல்லியிருந்தேன். அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

"சேராது அண்ணாச்சி" என்றேன். "நிச்சயமாகச் சேராது."